எந்த ‘ஒண்ணும் இல்லை’?

அந்தத் தூக்குப்போசி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. மூடியில் ஒரு நசுங்கல், பிடியில் துணிச் சுற்று. மலைமேல் வாழவந்தி நாட்டில் நான் நர்ஸாக இருக்கும் இதே துணை சுகாதார நிலையத்துக்கு நான்கு வருடங்களுக்கு முன் அது முதன்முதலாக வந்தபோது, அதற்குள் தினைமாவு உருண்டைகள் நிறைந்திருந்தன. கொண்டுவந்தவர் மிளகுத் தோட்டத்து அக்கா. “எடுத்துக்க கண்ணு. நீ சொன்ன நல்ல சேதிக்குத்தான்” என்றார். நான் எந்த நல்ல சேதியும் சொல்லியிருக்கவில்லை. எடுத்த உருண்டையைத் திரும்பப் போசியிலேயே வைத்தேன்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துத் தங்கிய முதல் கர்ப்பம். வயதைப் பார்த்துவிட்டு நாமக்கல் டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தாயின் ரத்தத்தில் குழந்தையின் மரபணுத் துணுக்குகளும் கொஞ்சம் கலந்திருக்கும். அதை வைத்து, டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுக்கு வாய்ப்பு அதிகமா, குறைவா என்று பார்ப்பார்கள். “இருந்தாலும் எம்புள்ளதான். முன்னாடியே தெரிஞ்சா மனசத் தயார் பண்ணிக்குவேன்” என்று சொல்லித்தான் அக்கா கையை நீட்டினார். அவர் வீட்டில் சிக்னல் கிடையாது. தினமும் சாயங்காலம் தோட்டத்துப் பாறைமேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். அதனால் லேபில் என் நம்பரைக் கொடுத்திருந்தோம்.

லேபிலிருந்து போன் வந்த நாளில் நான் வாசலூர்பட்டியில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். ரத்தத்தில் குழந்தையின் பங்கு போதவில்லை, முடிவு சொல்ல முடியவில்லை, மறுபடி எடுத்து அனுப்புங்கள் என்றார்கள். சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டேன். சுற்றிலும் பிள்ளைகளின் அழுகை. “ரிசல்ட்ல ஒண்ணும் வரலீங்கக்கா. மறுபடி ரத்தம் எடுக்கோணும்” என்றேன். “செரி கண்ணு” என்று கேட்டது, லைன் போய்விட்டது. எதையும் பாதியில் முடித்துவிட்டு அடுத்ததற்கு ஓடுகிற புத்தி எனக்கு. திரும்பக் கூப்பிடவில்லை. நாமக்கல் போயிருப்பார் என்றே பத்து நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் முதல் வாக்கியம் மட்டும்தான் பாறைவரை போயிருக்கிறது. ஒன்றும் வரவில்லை என்றால் கோளாறு ஒன்றும் வரவில்லை. அப்படித்தானே யாரும் எடுத்துக்கொள்வார்கள்?

உருண்டை கொண்டுவந்த அன்றே, மேசைக்கு இந்தப் பக்கம் நின்று விஷயத்தைச் சொன்னேன். அக்கா உட்காரவில்லை.

“அப்ப இருக்குதுங்கறயா?”

“இல்லீங்கக்கா. இருக்குதா இல்லையான்னே தெரியல.”

“ஊரு பூரா உருண்டை குடுத்துட்டேனே, சாமி.”

திட்டியிருந்தால் தேவலை. போசியை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் நின்றார். மறுநாள் லீவு போட்டு, மறுபடி ரத்தம் எடுக்க நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் கூடவே போனேன். அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. தொலைந்த பத்து நாளை நினைத்து எனக்கு அவமானமாக இருந்தது.

இரண்டாவது ரிசல்ட்டும் வந்தது. அதிலும் முடிவு இல்லை. சிலருக்கு இப்படி ஆகுமாம். இந்தத் தடவை நேரில் போவதென்று ஸ்கூட்டரை எடுத்தபோதுதான் போசி ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டோம். சர்க்கரை போடலாமென்று டப்பாவைத் திறந்தேன். சர்க்கரை போட்டால் அது பொய். வெறும் போசியை நீட்டினால் அவர் மனம் என்ன ஆகும்? கடைசியில் துவரம்பருப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன்.

அக்கா வாசலிலேயே மூடியைத் திறந்து பார்த்தார். “சக்கரையுமில்ல, வெறும் போசியுமில்ல. அப்ப இந்தவாட்டியும் தெரியலைதானா கண்ணு?” என்றார். ஆமாங்க என்று சொல்வதற்குள் எனக்குத்தான் அழுகை வந்தது.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுக்கலாம், அதில் கரு கலைய மிகச் சிறிய வாய்ப்பு உண்டு என்று டாக்டர் விளக்கினார். பன்னிரண்டு வருடம் காத்திருந்தவருக்கு அந்தச் சிறிய வாய்ப்பு பெரிதாகத் தெரிந்தது. வேண்டாமென்றுவிட்டார். விரிவான ஸ்கேனில் குறை எதுவும் தென்படவில்லை. ஆனால் ஸ்கேனை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது என்பதையும் அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். மிச்ச மாதங்கள் முழுவதும் தெரியாமலேயே சுமந்தார். நானாக இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

பெண் குழந்தை பிறந்தது. தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டுக் குழந்தைகள் டாக்டர் சிரித்தபடி, “ஒண்ணும் இல்லம்மா” என்றார். அக்கா கட்டிலிலிருந்து தலையைத் தூக்கி, “எந்த ஒண்ணும் இல்லீங்க?” என்று கேட்டார். டாக்டர் விழித்தார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நாம பயந்த கோளாறு பாப்பாவுக்கு இல்லீங்கக்கா” என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அதிலிருந்து போசி இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருக்கிறது. இப்போது திருப்பித் தர வேண்டிய முறை என்னுடையது. இன்று காலை அதைக் கழுவிக் கவிழ்த்தபோது லேபிலிருந்து போன். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்திக்கு அதே முடிவில்லாத ரிசல்ட். அவள் ஊரில் இப்போது டவர் வந்துவிட்டது, நான்கு கோடும் நிற்கிறது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். ‘தெரியலை’ என்ற சொல்லை, வண்டியில் ஏறும் முன் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.