ஈரம் காயாத கூடம்

எண்பதுகளின் கடைசியில் ஆவடியில் வீடு கட்டினோம். என் கணவர் காலையிலேயே தொழிற்சாலைக்குப் போய்விடுவார். பெயிண்டரிடம் பேசுவதெல்லாம் நான்தான். அந்த பாய் பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வருவார். வந்த அன்றே கூடத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“பூச்சு இன்னும் ஈரமா கீதும்மா. இப்போ டிஸ்டெம்பர் அட்ச்சா உப்பு பூத்து உரிஞ்சிகினு வந்துடும். இப்போதிக்கு சுண்ணாம்பு அட்ச்சி உட்டுடலாம்.”

கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. என் அக்கா வீட்டுக் கூடம் வெளிர்நீலத்தில் வழவழவென்று இருக்கும். அவள் வரும்போது என் வீட்டில் வெறும் சுண்ணாம்பா? “எதுவானாலும் நான் பாத்துக்கறேன், நீங்க அடிங்க பாய்” என்றேன். அவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பூசிச் சமன்செய்து, அடித்துக் கொடுத்தார். அக்கா சுவரைத் தடவிப் பார்த்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் சுவர் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. பிறகு அப்பளம் போல உப்பி, விரல் பட்டாலே உதிர்ந்தது. என் கணவர் ஆள் அனுப்பி அவரை வரவழைத்து, வாசலிலேயே வைத்துக் கத்தினார்.

“ஈரச் சுவத்துல அடிக்கக் கூடாதுன்னு தெரியாது? என்ன வேலைக்காரன்யா நீ?”

தம் வீட்டு வேலையையும் பாயிடம் சொல்லி வைத்திருந்த எதிர்வீட்டுக்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

“தப்புதான் சார். நானே சொரண்டி அட்ச்சித் தரேன்” என்றார்.

மூன்று நாள் சுரண்டினார். மாசி வெயிலில் காயவிட்டு மறுபடி அடித்தார். டீ கொண்டுபோனால், “வச்சிட்டுப் போம்மா, தூசு பறக்குது” என்பார். எதிர்வீட்டுக்கு வேறொரு ஆள் வந்து அடித்தான்.

கணவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆனது. “அன்னிக்கே சொல்லியிருக்கலாமே” என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் பூந்தமல்லிக்குப் போய், பெயிண்ட் கடையில் விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் மனைவிதான் இருந்தார்.

“அவரு வேலப்பன்சாவடில வேலையா கீறாரும்மா. இன்னா சேதி சொல்லட்டும்?”

“ஒண்ணுமில்ல, இந்தப் பக்கம் வந்தேன். சும்மா பாத்துட்டுப் போலாம்னு.”

“எந்த ஊடுன்னு சொல்றது?”

“ஆவடின்னு சொல்லுங்க.”

உள்ளே வந்து தண்ணீர் குடிக்கச் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஆவடியில் அவர் எத்தனை வீட்டுக்கு அடித்திருப்பாரோ, வந்தது நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. மறுபடி நான் போகவில்லை.