ஆட்டுக்குத் தெரிந்த மொழி

ஓமன் மலைக் கிராமத்தில் இது எங்களுக்கு மூன்றாம் நாள். துபாயிலிருந்து ஐந்து நாள் விடுமுறையில் வந்திருக்கிறோம். இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. காலையில் வாய்க்கால் திறக்கிறார்கள். மாதுளைத் தோட்டங்களில் தண்ணீர் அடுக்கடுக்காக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கணவர் இன்னும் தூங்குகிறார்.

மகன் நிலனுக்கு இரண்டரை வயது. இதுவரை ஒரு சொல்லும் பேசவில்லை. வீட்டில் தமிழ், அவனைப் பார்த்துக்கொள்பவரிடம் இந்தி, பூங்காவில் ஆங்கிலம் என்று நான்தான் குழப்பிவிட்டேனோ என்று பயம். அதனால் இப்போது தமிழ் மட்டும்தான். தங்குமிடத்தைக் கவனித்துக்கொள்ளும் முருகேசன் அண்ணன் பெரம்பலூர்க்காரர். நிலன் முன்னால் தமிழ்தான் பேச வேண்டும் என்று வந்த அன்றே அவரிடமும் சொல்லிவிட்டேன்.

அவர் ஆடுகளுக்குக் காய்ந்த குபூஸ் ரொட்டியைப் பிய்த்துப் போடுகிறார். தீர்ந்த பிறகும் ஒரு கறுப்பு ஆடு அவர் சட்டையை இழுக்கிறது. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, அரபியில் "மாஃபி! மாஃபி!" என்கிறார்.

பக்கத்தில் நிற்கும் நிலனும் கைகளை விரிக்கிறான். "மாஃபி," என்கிறான் ஆட்டிடம்.

அண்ணன் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். "ஐயோ, தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். இல்லைன்னு தமிழ்ல சொன்னா இந்த ஆட்டுக் கழுதைக்கு ஏறவே மாட்டேங்குது. வாய் தவறி வந்துருச்சு."

நிலன் சொன்னதைச் சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்குச் சந்தேகம்.

"உள்ள இன்னும் குபூஸ் இருக்காண்ணா?"

"தீந்துபோச்சே மேடம்."

"பரவாயில்ல. அந்த ஆட்டை மட்டும் இவன்கிட்ட வரச் சொல்லுங்க. அரபியிலேயே சொல்லுங்கண்ணா."