வெள்ளைச் சட்டைக்காரருக்கு நான் எழுதாத கடிதம்

எங்கள் ஊர் திருவிதாங்கூரோடு இருந்த காலம். அருமனைப் பக்கம் ஒரு பள்ளியில் நான் ஆசிரியர். ஒருவரை ஏழை என்று நான் எழுதிக் கொடுத்தால் மிஷன் ஆஸ்பத்திரியில் இலவசமாக வைத்தியம் பார்ப்பார்கள்.

ஒரு காலையில் முன்பின் தெரியாத ஒருவர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார்; ஒரு பொத்தான் மட்டும் சிவப்பு நூலில் தைத்திருந்தது.

"மகளுக்கு ஒரு வாரமா காய்ச்சல் சாரே. ஒரு கடுதாசி வேணும்."

"இந்தச் சட்டை போட்டவருக்கு இலவச வைத்தியமா?" என்றேன். திரும்பிப் போய்விட்டார்.

மதியம் டீ குடிக்கப் போனபோது டீக்கடைக்காரர் அதே சட்டையில் நின்றார். சிவப்பு நூலில் தைத்த அதே பொத்தான். கேட்டேன்.

"என் சட்டையாக்கும் சாரே. பனையேறிக்கு ஏது சட்டை? உங்க முன்னால வெறும் மேலோட நிக்கக் கூடாதுன்னு இரவல் வாங்கினான். கடுதாசி இல்லாட்டாலும் கெஞ்சிப் பாக்கலாம்னு பிள்ளையத் தூக்கிட்டு இப்பத்தான் ஆஸ்பத்திரிக்கு நடக்கான்."

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். பாதி வழியில் பிடித்துவிட்டேன். தோளில் துவண்டு கிடந்த குழந்தை, பனை உரசிக் காய்த்த நெஞ்சு. ரோட்டிலேயே கடிதம் எழுதி நீட்டினேன்.

"சட்ட இல்லாம நிக்கேன், தப்பா நினைக்காதீங்க சாரே" என்றார்.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். எனக்குத்தான் இன்றும் சலவைச் சட்டை போட்டால் உடம்பு கூசுகிறது.