பட்டன் வைத்த கை

"எந்தக் கை?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் சட்டையின் இடது கைத் தையலைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பிரித்துவிடுவாள் சட்டை அக்கா. பிரித்த இடத்தில் பட்டன் வைத்துவிட்டால், டயாலிசிஸ் ஊசிக்குச் சட்டையைக் கழற்ற வேண்டாம். பெரும்பாலும் இடதுதான். ஒரு தபால்காரருக்கு மட்டும் ஏமாந்துபோனாள். அவர் இடது கையால் எழுதுகிறவர், அதனால் டாக்டர் ஊசிக்கான இடத்தை வலது கையில் வைத்திருந்தார். அந்தச் சட்டைக்கு இரண்டு கையிலும் பட்டன். "ரெண்டு பக்கமும் காத்து வாங்கட்டும்" என்று மடித்துக் கொடுத்துவிட்டாள்.

சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை டயாலிசிஸ் இயந்திரம்தான் சுத்தம் செய்கிறது. ஊசி போடுவதற்காகக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். ஏசி அறையில் மணிக்கணக்காகச் சட்டையில்லாமல் படுத்தால் பல் தந்தியடிக்கும். அவள் கணவர், பள்ளி ஓவிய வாத்தியார், ஒருநாள் அப்படி நடுங்கிக்கொண்டு கிடந்தார். தையல்காரியின் பையில் கத்தரிக்கோல் இல்லாமலா போகும்? கட்டிலருகிலேயே அவருடைய புதுச் சட்டைக் கையைப் பிரித்து மாட்டிவிட்டாள்.

"நல்ல சட்டைய நாசம் பண்ணிட்டியே" என்றார் வாத்தியார்.

"எனக்கும் ஒண்ணு நாசம் பண்ணிக் குடுங்கம்மா" என்றது பக்கத்துக் கட்டில்.

இப்படிச் சட்டை தைத்துக் கொடுக்கும் அவளுடைய அறக்கட்டளை பிறந்த கதை இவ்வளவுதான். இப்போது அதற்கு ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு தையல் மிஷின், நடக்க முடியாதவர்களை அழைத்துவர ஒரு பழைய வேன், நோயாளிகளின் மனைவிமார் நாலு பேர் எல்லாம் உண்டு. பெயர் வைக்க மட்டும் மூன்று கூட்டம் போட்டார்கள். "அதுக்குள்ள இருபது சட்டை தைச்சிருப்பேன்" என்று அக்கா இன்னும் குறைப்படுகிறாள்.

அவளுக்கு வாயும் கையும் சேர்ந்தே ஓடும். புதிதாக வருகிறவர்களிடம் பரிதாபப்பட மாட்டாள், வேலைதான் கொடுப்பாள். போன மாதம் லாரி டிரைவரின் மனைவி அழுதுகொண்டு வந்து நின்றபோது, அவளை உட்காரவைத்துப் பட்டன் டப்பாவை மடியில் வைத்தாள். பிறகு வாத்தியாரிடம் இடது கையை அவள் முன் நீட்டச் சொன்னாள்.

"தையல் மேல ரெண்டு விரல வை. மிஷின் ஓடுறப்போ மேசை அதிருதுல்ல, அப்படி உள்ள அதிரணும். தினம் காலைல பாரு. அதிரலன்னா உடனே ஓடி வந்துடு. பயந்துக்கிட்டு உக்காந்திருக்காதே."

இந்த வாரம் வாத்தியாரின் கையில் அந்த அதிர்வு நின்றுபோனது. குழாய் அடைத்துவிட்டது. டாக்டர்கள் வலது கையில் புதிதாகக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள். இதுவும் போனால் அடுத்து வைக்க நல்ல இடம் கிடைப்பது கஷ்டம் என்று சொல்லியும்விட்டார்கள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இத்தனை பேரின் கையைத் தொட்டுப் பார்த்தவள், வார்டில் கணவரின் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். போர்வையை இழுத்துவிட்டாள், நிரம்பியிருந்த தண்ணீர் பாட்டிலை மறுபடி நிரப்பினாள், வலது பக்கம் மட்டும் போகவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

துணைக்கு வந்திருந்த லாரி டிரைவரின் மனைவியைப் பார்த்துக் கடைசியில் சொன்னாள்: "நீ தொட்டுப் பாரேன்."

"நானா? நீங்க பாருங்கக்கா."

"நீ பாரு. எனக்கு வேற வேலை இருக்கு."

அந்தப் பெண் கட்டுக்குக் கொஞ்சம் மேலே இரண்டு விரல்களை மெதுவாக வைத்தாள். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அக்கா ஜன்னலைப் பார்த்து நின்றாள். பின்னாலிருந்து அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அதே இடத்தில் வைத்தாள்.

தோலுக்கடியில் அந்த அதிர்வு குறுகுறுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ், "கொஞ்சம் நகருங்கக்கா" என்றாள். ஒரு நாள்கூட நர்ஸுகளுக்கு வழியை மறித்து நிற்காத சட்டை அக்கா, விரலை எடுக்காமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.