மகளின் இங்கிலீஷ்

ஐம்பத்திரண்டு வயதில் மகதலேனாவுக்கு இங்கிலீஷ் ஆசை பிடித்துக்கொண்டது என்று மலாய் நாட்டில், கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். ஆசையாவது, கத்தரிக்காயாவது! அது சுத்தமான வயிற்றெரிச்சல். மகளின் நிச்சயதார்த்தத்தில் பெற்றவளைத் தலையணை மாதிரி ஒரு சோபாவில் உட்கார வைத்தால் எவளுக்குத்தான் எரியாது?

மகதலேனா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள். புருஷன் ரபேல் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். ஒரே மகள் கிளாரிசா. அவள் பிறந்த அன்றைக்கே இருவரும் முடிவு பண்ணிவிட்டார்கள், இந்தப் பிள்ளை இங்கிலீஷில் வெளுத்து வாங்க வேண்டும் என்று. மழையோ வெயிலோ, மோட்டார் சைக்கிளின் பின்னால் அவளை உட்கார வைத்துக் கிள்ளானுக்கு டியூஷன் கூட்டிப் போனது ரபேல்தான். மாதா கோவிலிலும் தாங்கள் தமிழ்ப் பூசைக்குப் போய்விட்டு, மகளை மட்டும் இங்கிலீஷ் பூசைக்கு அனுப்பினார்கள். பிள்ளை வீட்டில் தோழிகளோடு போனில் தஸ்ஸு புஸ்ஸென்று பேச ஆரம்பித்தபோது மகதலேனாவுக்குத் தலைகால் புரியவில்லை. என்ன பேசுகிறாள் என்று யாருக்குத் தெரியும்? பேசுகிறாளே, அது போதாதா?

மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் மகதலேனா. மலாய் நன்றாக வரும். இங்கிலீஷில் எழுத்துக்கூட்டுவாள், ‘யெஸ் பாஸ், நோ பாஸ்’ சொல்லுவாள், அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரபேலுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கிளாரிசா கட்டிலோரத்தில் நின்று வெகுநேரம் போனில் இங்கிலீஷில் பேசினாள். பேசும்போதே கண் கலங்கியது. பெரிய டாக்டர் யாரிடமோ அப்பாவுக்காகப் பேசுகிறாள் என்று நினைத்து, பக்கத்துக் கட்டில் மலாய்க்காரியிடம் மகதலேனா பெருமையாகச் சொன்னாள், “அனாக் சாயா.” என் பிள்ளை.

அந்தப் பிள்ளைக்குத்தான் இப்போது கல்யாணம். பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீடு, காப்புறுதிக் கம்பெனியில் நல்ல வேலை என்று அவள் தனியாக இருக்கிறாள்; மாப்பிள்ளை பிரையன் சுபாங்கில் வீட்டில் இங்கிலீஷே பேசி வளர்ந்தவன். நிச்சயதார்த்தத்தன்று பிரையனின் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்து, ஏதோ கேட்டார். மகதலேனா வாயைத் திறப்பதற்குள் கிளாரிசா குறுக்கே வந்து தானே பதில் சொன்னாள். மறுபடி ஏதோ கேட்டார். மறுபடியும் மகள்தான் பதில். மூன்றாவது தடவை அந்த அம்மாள் கேட்கவே இல்லை. பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அன்று முழுக்க மகதலேனா சிரித்துச் சிரித்துத் தாடை வலியோடு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் மகளின் பழைய அறையைத் துடைக்கும்போது அலமாரியில் ஓர் இங்கிலீஷ் நாவல் கையில் அகப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற நாவல். அட்டையில் பள்ளிப்பையோடு ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றாள். கிளாரிசா பதினாறு வயதில் ‘வேணும், வேணும்’ என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கியது. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டே தூங்கியதும் மகதலேனாவுக்கு ஞாபகம் இருந்தது. வகுப்புக்குப் போனால் யாரோ ஒரு வாத்தியாரின் இங்கிலீஷ்தான் வரும். இதைப் படித்தால் என் மகள் படித்த அதே வார்த்தைகள் எனக்கும் வரும். இப்படி ஒரு கணக்குப் போட்டாள் அவள். தப்பான கணக்கு என்று யார் சொல்ல முடியும்?

கதை ஒன்றும் கஷ்டமில்லை. அப்பன் இல்லாத ஒரு பெண், ஹோட்டலில் அறை கூட்டுகிற அம்மா. வார்த்தைகள்தான் உயிரை வாங்கின. முதல் பக்கத்தைத் தாண்டவே ஒரு வாரம் ஆனது. கைப்பேசி அகராதியில் மலாயில் அர்த்தம் பார்ப்பாள், பிறகு அதையே பேசச் சொல்லிக் காதில் வைத்துக்கொள்வாள். கிடங்கில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் சோறு, ஒரு கையில் நாவல்.

“இந்த வயசுல என்னாத்துக்கு மகதலேனா இந்தப் பொழப்பு?” என்றாள் கூட வேலை செய்கிற வீரம்மா.

“கல்யாண டின்னர்ல பேசப் போறேன்லா. இங்கிலீஷ்ல. எம்மவளுக்கே தெரியாது, சர்ப்ரைஸ்.”

“ரபேல் அண்ணன் பேச மாட்டாரா?”

“அவரா? மைக்கைக் கண்டா அவருக்குக் காய்ச்சல் வந்துரும்.”

கேக் வெட்டியதும் பெண் வீட்டார் ஒருவர் எழுந்து நாலு வார்த்தை பேசி நன்றி சொல்வது இங்கே வழக்கம். அந்த நாலு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மகதலேனா தொங்கினாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தச் சுபாங் ஜனங்கள் முன்னால் மகள் தன்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும். வேறென்ன கேட்டாள் அவள்?

வார்த்தைகள் மெல்ல மெல்ல மண்டையில் ஏறின. ‘ரிலக்டன்ட்’ என்றால் மனசில்லாமல் தயங்குவது. ஓவர்டைம் என்றதும் மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிற வீரம்மாவுக்கு அதையே பட்டப்பெயராக வைத்தாள். ‘காண்டிசென்டிங்’ என்றால் மேலே நின்று கீழே பார்த்துப் பேசுவது. அதைச் சூப்பர்வைசருக்குக் கொடுத்தார்கள். “ஏ, காண்டி வர்றான்லா!” என்று வீரம்மா முணுமுணுக்க, இரண்டு பேரும் பெட்டிக்குப் பின்னால் குனிந்து சிரித்தார்கள். ‘ரெசிலியன்ட்’ என்றால் எத்தனை அடி பட்டாலும் எழுந்து நிற்பது. அதைப் பேச்சுக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டாள். எம்மக ரெசிலியன்ட், சின்ன வயசுலேயே மழையில் நனைஞ்சிக்கிட்டு டியூஷன் போனவ. பேச்சு முழுவதையும் மனப்பாடம் செய்தாள். துணி காயப்போடும்போது சொல்லிப் பார்ப்பாள், மீன் கழுவும்போது சொல்லிப் பார்ப்பாள்.

நாவலில் ஓர் இடம். பள்ளி விழாவுக்கு அந்தப் பெண்ணின் அம்மா வேலை உடுப்போடு ஓடி வருகிறாள். மகள் எல்லாருக்கும் முன்னால் ‘மார்டிஃபைட்’ ஆகிவிடுகிறாள். மகதலேனா அகராதியைப் பார்த்தாள். அவமானத்தில் செத்துவிடலாம் போலக் கூசிப்போவது என்று இருந்தது. அடி செருப்பால! பெத்தவ வந்தா செத்துப் போவியா நீ? அன்றைக்கு முழுக்கக் கோபம் ஆறவில்லை. ஆனால் கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் அம்மாவைக் கட்டிப் பிடித்து, மன்னிப்புக் கேட்டு அழுகிறாள். மகதலேனாவும் கிடங்கில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். எல்லாம் அப்படித்தான் முடியும் என்று நம்பினாள். அந்த நாவல் செய்த பாவம் அதுதான்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் கிளாரிசா வீட்டுக்கு வந்தாள். மகதலேனா அடுப்பில் மீன் கறி கொதிக்க விட்டபடியே விஷயத்தைப் போட்டாள்.

“டின்னர்ல நம்ப பக்கம் நானே நாலு வார்த்தை பேசறேன் கிளாரிசா.”

“பாக்கலாம்மா.”

அவ்வளவுதான் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் பிரையன் போன் பண்ணினான். கிளாரிசா அடுப்படியிலேயே, அம்மாவுக்கு எதிரிலேயே, ஆரஞ்சுச் சுளையை உரித்துத் தின்றுகொண்டே பேசினாள். குரலைக் குறைக்கவில்லை. எதற்குக் குறைக்க வேண்டும்? அந்த வீட்டில் இங்கிலீஷில் பேசினாலே கதவைச் சாத்தியதாகத்தான் அர்த்தம்.

முதலில் மகதலேனா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ‘ஸ்பீச்’ என்ற வார்த்தை விழுந்தது. கரண்டி நின்றது. ஒவ்வொரு வார்த்தையாக, அகராதி இல்லாமலே, அர்த்தம் தானாக வந்து விழுந்தது. அம்மா பேச வேண்டுமாம். தமிழில் பேசினால் உன் அம்மாவின் சிநேகிதிகளுக்குப் புரியாது. இங்கிலீஷில் பேச ஆரம்பித்தால், அட கடவுளே, அதைவிட மோசம். மைக்கைப் பிடித்து நிகழ்ச்சி நடத்தப் போகிற உன் கசின் காலேப்பிடம் சொல்லிவிடு, பெண் வீட்டுப் பேச்சே வேண்டாம், தாண்டிப் போகட்டும்.

“ஐ வில் பி மார்டிஃபைட், பிரையன். ஐ மீன் இட்.”

போனை வைத்துவிட்டு, விரலை நக்கிக்கொண்டே எழுந்து வந்து குழம்புச் சட்டியில் எட்டிப் பார்த்தாள்.

“வாசம் சூப்பரா இருக்கேம்மா.”

“யாரு போன்ல?”

“பிரையன். சும்மாமா, ஹால்ல பூ டெகரேஷன் பத்தி.”

எத்தனை சுளுவாக வந்தது பொய்! மகதலேனா அடுப்பை அணைத்தாள். கத்தியிருக்கலாம். அந்த நாவலை எடுத்து மூஞ்சியில் எறிந்திருக்கலாம். ஒன்றும் செய்யாமல் மகளுக்குச் சோறு போட்டு, மீனில் தலைப் பக்கம் பிடிக்கும் என்று அதையே எடுத்து வைத்தாள். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் கிளாரிசா. அம்மா சாப்பிடவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

கோவிலில் கல்யாணம் நல்லபடியாக முடிந்து, சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் டின்னர். கேக் வெட்டினார்கள். பிரையனின் அப்பா பேசினார். அவர் உட்கார்ந்ததும் காலேப் மைக்கைப் பிடித்து, சொல்லி வைத்தபடியே பாட்டுக்குத் தாவப் பார்த்தான். ஆனால் பிரையனின் அம்மா விடவில்லை. விஷயம் தெரியாத நல்ல மனுஷி. தானே எழுந்து போய் மைக்கை வாங்கி, மகதலேனாவிடம் வந்து கையில் கொடுத்து, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னார்.

“பேசுங்க. எந்த பாஷைலயும் பேசுங்க.”

மகதலேனா எழுந்து நின்றாள். ரபேல் கையைப் பிசைந்தார். பேச்சு முழுவதும் நாக்கு நுனியில் நின்றது. ரெசிலியன்ட், மழை, மோட்டார் சைக்கிள், எல்லாம். ஒரு வார்த்தை தப்பாமல் சொல்லியிருப்பாள், சத்தியமாகச் சொல்லியிருப்பாள். மகளைப் பார்த்தாள். கிளாரிசா மேஜைத் துணியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்த குழந்தை மாதிரி கண்ணை இறுக்க மூடியிருந்தாள். பெற்ற வயிறு என்று ஒன்று இருந்து தொலைக்கிறதே. மகதலேனாவின் நாக்கில் நின்றதெல்லாம் உள்ளே போய்விட்டது.

“எல்லாரும் வந்ததுக்கு ரொம்ப நன்றி. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க,” என்று தமிழில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

கைதட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது கிளாரிசா. பிரையனின் தோளில் சாய்ந்து, மூச்சை விட்டு, அவள் சொன்னதும் தெளிவாகக் காதில் விழுந்தது.

“தேங்க் காட்.”

அதைப் புரிந்துகொள்ள எந்த நாவலும் வேண்டியிருக்கவில்லை.

போட்டோ எடுக்க மேடைக்குக் கூப்பிட்டார்கள். பெண்ணுக்குப் பக்கத்தில் அம்மா. மகதலேனா மகளின் முக்காட்டைச் சரி செய்வது போலக் கிட்டே குனிந்து, மெதுவாக, கைப்பேசி அகராதிக் குரல் சொல்லிக் கொடுத்த அதே உச்சரிப்பில் சொன்னாள்.

“யூ நீட் நாட் பி மார்டிஃபைட் எனிமோர், கிளாரிசா.”

மகள் முகத்தில் ஈயாடவில்லை.

“ம்மா… உங்களுக்கு எப்பருந்துமா புரியும்?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். இந்த வருஷம்தான் கண்ணு, உன் பழைய நாவலைப் படிச்சேன், அந்த ஒரு போன்தான் புரிஞ்சது என்று சொல்லியிருந்தால், ஒருவேளை அந்த நாவலின் கடைசி அத்தியாயம் மாதிரியே ஒன்று அந்த மேடையில் நடந்திருக்கும். ஆனால் ‘தேங்க் காட்’ இன்னும் காதுக்குள்ளேயே கிடந்தது. கொஞ்சமாவது வலிக்கட்டும் அவளுக்கு.

“எப்பவுமே புரியும். நீ ஸ்கூல் படிச்ச காலத்துலேருந்தே.”

பொய். மாதா முன்னால் மண்டியிட்டுச் சொல்ல முடியாத பொய். சொன்னதும் ஒரு நிமிஷம் இனித்தது. ஒரு பயம் வரும், ஒரு கண்ணீர் வரும், அதோடு தீரும் என்று நினைத்தாள் மகதலேனா. தீரவில்லை. கிளாரிசாவின் கண் பழைய நாட்களுக்குள் எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. வீட்டு ஹாலுக்கு, காரின் பின் சீட்டுக்கு, தோழிகளின் போனுக்கு; போன இடத்திலெல்லாம் ஏதோ ஒன்றைப் பார்த்துப் பார்த்து அவள் முகம் சுருங்கியது. இவ்வளவா? தனக்குப் புரியாமல் போனது இவ்வளவு இருந்ததா?

“ஆன்டி, இங்க பாருங்க, ஸ்மைல்லா!” என்றான் போட்டோக்காரன்.

மகதலேனா சிரித்தாள். கிளாரிசா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ… அப்பா ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப, கட்டில் பக்கத்துல நின்னு நான் போன்ல சொன்னேனே. அதுவுமாம்மா?”

மகதலேனாவுக்கு மலாய்க்காரியும், தான் சொன்ன ‘அனாக் சாயா’வும், மகளின் கலங்கிய கண்ணும் ஞாபகம் வந்தன. கீழே மேஜையில் ரபேல் இவர்களைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அதுவுந்தான்,” என்றாள்.

அன்றைக்கு மகள் என்ன சொன்னாள் என்பது அவளுக்குத் தெரியாது. இனிமேல் கேட்கவும் முடியாது.