காய்ச்சல் வராத பள்ளிக்கூடம்

சென்ற மாதம் வலயக் கல்வி அலுவலகத்தில் நடந்த கூட்டத்தில் திரையிலே ஒரு படம் காட்டினார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எல்லா ஊரிலும் ஒரே வினாத்தாளில் நடக்கிற எழுத்துத் தேர்வில் எந்தப் பகுதியில் எத்தனை வீதம் பேர் சித்தியடைந்தார்கள் என்று, பகுதிக்கு ஒரு கம்பமாக நிறம் தீட்டிக் காட்டும் படம். முன்பெல்லாம் அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு கட்டைக் கம்பம் நிற்கும். அது எங்கள் கரையோரம். இப்போது அது இல்லை. எல்லாக் கம்பங்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் பச்சையாக நின்றன. "கரையோரப் பின்னடைவு நீங்கிவிட்டது" என்று அதிகாரி பெருமையோடு சொன்னார். சிலர் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. அந்தக் கம்பம் எப்படி மறைந்தது என்பது எனக்குத் தெரியும். அங்கே இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தைப் பல வருடத்துக்கு முன்பே பூட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். பக்கத்துக் கதிரையில் இருந்த புது ஆசிரியையிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் தேநீர் எடுக்க எழுந்து போய்விட்டார். அன்று வீடு வரும்வரை அங்கே தலைமையாசிரியராக இருந்த எங்கள் அதிபரையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மயிலிட்டிப் பக்கம் கடலை ஒட்டியிருந்த சின்ன ஆரம்பப் பாடசாலை அது. போரில் இடம்பெயர்ந்த சனங்கள் நெடுங்காலம் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் அலைந்துவிட்டுத் தங்கள் காணிகளுக்குத் திரும்பியபோது மறுபடி திறந்தது. நான் நாலாம் வகுப்பு ஆசிரியை. தெல்லிப்பழையிலிருந்து ஸ்கூட்டியில் போய் வருவேன். அதிபரும் என்னைப் போலத் தோட்டக்காரக் குடும்பத்து ஆள், மச்சம் மாமிசம் தொடாத வீடு. ஆனாலும் விடிந்தால் கடற்கரையில்தான் நிற்பார். தகப்பன்மாருக்கு உதவியாக வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருக்கிற பிள்ளைகளைக் கை கழுவவைத்துக் கூட்டி வருவது அவர் வேலை. மணி அடிக்கும்போது அவருடைய வெள்ளைச் சட்டையில் எங்கேயாவது ஒரு செதில் ஒட்டியிருக்கும். எழுத்து மட்டும் அவருக்கு வராது. கரும்பலகையில் அவர் எழுதியதை மருந்துக்கடைக்காரர்தான் வாசிக்க வேண்டும் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். "அதுதான் எழுத்துத் தேர்வெண்டால் எனக்குப் பிள்ளையளிலை இரக்கம்" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தத் தேர்வின் கணக்கில் ஒரு வசதி இருந்தது. தேர்வுக்கு வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்றுதான் பார்ப்பார்கள். வராத பிள்ளை கணக்கிலேயே இல்லை. ஆகவே பெயர் வாங்கிய பள்ளிக்கூடங்களில் அன்றைக்கென்று சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். யார் யாருக்கு வரப்போகிறது என்பது வகுப்பாசிரியருக்கு ஒரு கிழமை முன்பே தெரிந்திருக்கும். தாயையோ தகப்பனையோ கூப்பிட்டு மெல்லச் சொல்லிவிடுவார்கள். இதை ஒருவரும் களவு என்று நினைத்ததில்லை. பிள்ளையை வெட்கப்படுத்தாமல் விடுகிறோம் என்றுதான் சொல்லுவார்கள். எங்கள் அதிபரிடம் இந்தக் கதை எடுபடாது. அதனால் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் வந்ததில்லை, சிவப்பு நிறமும் போனதில்லை.

ஒரு வருடம் வலயத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இந்த முறையும் கடைசியாக வந்தால் எங்களை உள்பக்கத்துப் பெரிய பாடசாலையோடு இணைத்துவிடுவார்கள் என்று சொன்னார். கரையிலிருந்து அது தூரம். ஒரு பஸ்தான் ஓடும், அதுவும் ஓடினால்தான். பாதிப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடுவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதிகாரி கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். போகும்போது விறாந்தையில் நின்று குரலைத் தாழ்த்தி, "ஒண்டு ரெண்டு பிள்ளையளுக்கு அண்டைக்குச் சுகமில்லாமல் வந்தால் காரியம் முடிஞ்சுது, சேர்" என்றார்.

"என்ரை பிள்ளையளுக்குக் காய்ச்சல் வருத்தம் ஒண்டும் இல்லை, ஐயா. கடல் காத்திலை வளர்ந்ததுகள்."

அவர் போனபிறகு நாங்கள் எல்லோரும் அதிபரைப் பிடித்துக்கொண்டோம். எனக்குத்தான் வாய் கூட. "ஊரெல்லாம் செய்யிறதைத்தானே சேர் நாங்களும் செய்யப்போறம்? உங்கடை வீம்பாலை பள்ளிக்கூடம் போகப்போகுது" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பிள்ளையை வெளியிலை விட்டுத்தான் பள்ளிக்கூடத்தைக் காப்பாத்த வேணுமெண்டால், பிறகு அந்தக் கட்டிடம் ஆருக்கு, ரீச்சர்?" என்று கேட்டார். இப்படிக் கேட்கிறவரோடு என்னத்தைக் கதைப்பது?

என் வகுப்பின் கடைசி வாங்கில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். தகப்பன் இல்லை. முகாமுக்கு முகாம் மாறியதில் பள்ளிக்கூடமும் மாறி மாறி, எழுத்து அவளுக்குக் கைவரவே இல்லை. வாயால் சொல்லச் சொன்னால் எந்தக் காற்றுக்கு எந்த மீன் படும் என்று வகுப்பே வாய் பார்த்திருக்கச் சொல்லுவாள். பென்சிலைக் கையில் கொடுத்தால் முகம் சுருங்கிவிடும். அந்தத் தவணை முழுக்கப் பாடுபட்டுத் தன் பெயரை மட்டும் பிழையில்லாமல் எழுதப் பழகியிருந்தாள். அதிகாரி சொன்னது எப்படியோ ஊருக்குள் பரவிவிட்டது. தேர்வன்று காலை எல்லோரும் வந்தார்கள், அவள் வரவில்லை. அதிபர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். மற்றதெல்லாம் பிறகு தாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "எங்கடை பிள்ளையாலை பள்ளிக்கூடம் பூட்டுப்பட வேண்டாம் சேர், அவள் நிக்கட்டும்" என்று தாய் கதவைச் சாத்தியிருக்கிறாள். இவர் வெயிலில் நின்று, பிள்ளை வராமல் தான் போகப்போவதில்லை என்றிருக்கிறார்.

கடைசியில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடற்கரை வீதியால் வந்தார். வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். சொந்த வகுப்பு ஆசிரியர் தேர்வு அறைக்குள் நிற்கக்கூடாது என்பதால் நான் யன்னலுக்கு வெளியே நின்றேன். அவள் தாளை வாங்கியதும் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மேலே தன் பெயரை எழுதினாள். விடைத்தாளில் இலக்கம்தான் எழுதலாம், பெயர் எழுதக்கூடாது. மேற்பார்வைக்கு வந்த வேறு பள்ளிக்கூடத்து ஆசிரியை குனிந்து ஏதோ சொல்லி, அழிறப்பரால் அதை அழித்துவிட்டார். பிறகு மணி அடிக்கும்வரை அவள் ஒன்றும் எழுதவில்லை. 

பெறுபேறு வந்தது, நாங்கள்தான் கடைசி. அவளைப் போல எழுத முடியாத பிள்ளைகள் இன்னும் இருந்தார்கள். அவள் ஒருத்தி வராமல் விட்டிருந்தாலும் கரை சேர்ந்திருக்கமாட்டோம். ஆனால் ஊர் கண்டது அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்ததைத்தான். அடுத்த வருடம் பெரிய பாடசாலைக்குப் போன பஸ்ஸில், "உன்னாலைதான் எங்கடை பள்ளிக்கூடம் பூட்டினது" என்று பிள்ளைகளே அவளைச் சொன்னார்கள். சில கிழமைகளில் அவள் பஸ் ஏறுவதை விட்டுவிட்டாள். அதிபருக்குத் தென்மராட்சியில் வேறு பள்ளிக்கூடம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தைக் காக்காமல் விட்டவர் என்று அவரையும் பேசினார்கள். அந்த ஊர்ப் பக்கம் போக அவருக்கு முகமிருக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கும் வரிசையில் கண்டேன். மெலிந்திருந்தார். சுகம் விசாரித்து முடியுமுன்னமே, "அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தது பிழையோ, ரீச்சர்?" என்று கேட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது. "தெரியேல்லை, சேர்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்தார்.

அந்தப் படம் காட்டிய கூட்டத்துக்குச் சில கிழமை முன்புதான் அதிபர் காலமாகி அவருடைய செத்தவீடு நடந்தது. கரையோரத்திலிருந்து ஒருவரும் வரவில்லை என்று மனைவி குறைப்பட்டுக்கொண்டார். நான் வெளியே வந்தபோது வாசல் படலைக்கு அப்பால், ஒழுங்கை மதிலோடு ஒதுங்கி, வளர்ந்த பெண் ஒருத்தி நின்றாள். மீன் வாடியில் வேலை முடித்து அப்படியே வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. கிட்டப் போனபிறகுதான் அந்தக் கடைசி வாங்குப் பிள்ளை என்று மட்டுக்கட்டினேன்.

"ஏன் பிள்ளை வெளியிலை நிக்கிறாய்?"

"நான் உள்ளுக்கை வந்தால் ஆக்கள் கதைப்பினம், ரீச்சர். சேரின்ரை பேர் கெட்டதும் என்னாலைதானே."

அப்படியில்லை, அவள் வராவிட்டாலும் பூட்டித்தான் இருப்பார்கள் என்று சொன்னேன். அவள் அதைப் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. உள்ளே எரிந்துகொண்டிருந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்டைக்கு அம்மா கதவைச் சாத்தினாப் பிறகும் சேர் போகேல்லை. நான் ஓட்டைக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டனான். என்னைத் தேடி ஒருத்தர் வீடுமட்டும் வந்தது அண்டைக்கு மட்டுந்தான், ரீச்சர். பஸ்ஸை விட்டாப் பிறகு ஒருத்தரும் வரேல்லை."

நானும் அவளைத் தேடிப் போனதில்லை. அவளுடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். ஆட்கள் கதைத்தார்கள்தான்.