சொல்லாமல் விட்ட விமானப் பயணம்

என் புகையை மறைத்துவிட்டு நண்பரின் புகையை எல்லார் முன்னாலும் கேலி செய்தவன் நான்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில், அவரவர் வெளியிடும் கரியமில வாயுவைக் குறைக்க ஒரு குழு தொடங்கினேன். ஞாயிறுதோறும் கூடி, அந்த வாரம் எவ்வளவு கார் ஓட்டினோம், எவ்வளவு நேரம் ஏர்கோன் போட்டு வீட்டைக் குளிரவைத்தோம் என்று உண்மையைச் சொல்ல வேண்டும். மேல்மாடி முனியாண்டி போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர். மாலைதோறும் என்னோடு தேநீர் குடிப்பவர். முதல் கூட்டத்தில் அவர் வாய் திறக்குமுன், "உங்க லோரி ஒருநாள் விடுற புகைக்கு ஈடுகட்ட நாங்க வருஷம் பூரா கார எடுக்காம நடக்கணும்லா!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"அது பொழப்புண்ணே. எங்க வீட்ல காரும் இல்ல, ஏர்கோனும் இல்ல" என்று எழுந்து போனார்.

நானோ, அந்த வாரம்தான் மகளைப் பார்த்துவிட்டு மெல்பர்னிலிருந்து விமானத்தில் திரும்பியிருந்தேன். அதைச் சொல்லவே இல்லை.

அவர் பிறகு தேநீருக்கு வரவில்லை. சில மாதங்களில் கிள்ளானுக்கு வீடு மாறினார். ரயிலேறிப் போய், விமானப் பயணத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்கண்ணே" என்றவர், "அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. இன்னைக்கு யாருமே இல்லாதப்ப மன்னிப்புக் கேக்குறீங்க" என்றார்.

அடுத்த ஞாயிறே கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு போன் செய்து அதைச் சொல்லி, "ஒருநாள் கூட்டத்துக்கு வாங்க" என்றேன். "பார்ப்போம்ணே" என்றார்.

இப்போது குழுவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூட்டம் தொடங்கும் நேரத்தில் நான் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.